வீட்டிலேயே துணி துவைக்கும் தூள் தயாரித்தல்: கடலூர்ப் பக்கத்துத் தண்ணீரை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு பேர் கொண்ட எங்கள் வீட்டுக்கு, குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்; துணி துவைப்பதற்கு போர் தண்ணீர்தான். சில ஆண்டுகளாகத் துணிக்கான தூளை நானே கலந்து வைத்துக்கொள்வதால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் புதுச்சேரியில் இருக்கும் உறவினர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றுக்குச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் செய்தால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

மிச்சமாகும். ஆனால் பலர் நினைக்கிற இடத்தில் அல்ல. விலை குறைந்த கடைத் தூளோடு ஒப்பிட்டால், வீட்டில் கலந்த தூளின் அடக்க விலை கொஞ்சம்தான் குறையும். கடைத் தூள் கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாளிக்குப் போடும் 25 கிராமுக்கு 3 ரூபாய் ஆகிறது. வீட்டுத் தூளுக்கான மூலப்பொருள் 100 ரூபாய்க்குள் முடிந்து அதில் 46 வாளி துவைக்க முடிந்தால், வாளிக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், உங்கள் கடை விலையை இதே கணக்கில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த திரவ சோப்பு வாங்குகிற வீட்டுக்கு வித்தியாசம் பெரிதாகவே இருக்கும்.

பெரிய மிச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நம் பகுதியில் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமாக இருக்கிறது. துணியில் உள்ள அழுக்கைத் தொடுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் சோப்பைத் தின்றுவிடுகிறது. தண்ணீரைச் சரிசெய்துவிட்டால், எந்தத் தூளைப் பயன்படுத்தினாலும் அதன் அளவு குறையும். எங்கள் வீட்டில் மாதம் 2 கிலோ தூள் போன இடத்தில் இப்போது 1 கிலோவுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

அப்படியானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தூளுக்குப் பொருள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். மூடியுள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு போர் தண்ணீரையும், அதே போன்ற இன்னொரு பாட்டிலில் மழைத் தண்ணீரையோ சுத்திகரித்த குடிநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சாதாரண குளியல் சோப்பை நகக்கண் அளவு சீவிப் போட்டு, நூறு எண்ணும் வரை குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை மேலே தடித்து நிற்கும், கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும். கடினத் தண்ணீரில் நுரை உடனே உடைந்துபோய், பால் திரிந்தது போன்ற வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். பாட்டிலின் உள்பக்கத்தில் விரலை வைத்தால் பிசுபிசுப்பாக ஒட்டும்.

எண்ணாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திப் பார்த்துக்கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. துணி துவைப்பதைப் பொறுத்தவரை 200 என்பதே தொல்லை தரும் அளவுதான்.

எங்கள் தெருவில் “உப்புத் தண்ணீர்” என்று சொல்கிறார்கள். கடினத் தண்ணீர் என்பதும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. பேச்சில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் குழப்பம் வருகிறது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருப்பது கடினத் தண்ணீர். அதைச் சலவை சோடா திருத்தும். கடலோரத்தில் நாக்கில் கரிக்கிற தண்ணீரில் சாதாரணச் சோடியம் உப்பு கலந்திருக்கிறது. அதைச் சோடாவால் எடுக்க முடியாது. கடலுக்கு மிக அருகில் இருக்கிற வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். தேங்காயெண்ணெயில் செய்த சோப்பு மற்ற சோப்புகளைவிட உப்புத் தண்ணீரில் நன்றாக நுரைக்கும். கப்பல்களில் கடல் தண்ணீரில் துவைக்க அந்த வகைச் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள்.

சோப்புக் கட்டியைச் சீவி, சோடாவும் உப்பும் சேர்த்துத் தூள் செய்யும் முறை எல்லோரும் சொல்வதுதானே?

நானும் அதில்தான் தொடங்கினேன். துணி சோப்பைத் தேங்காய்த் துருவியில் சீவி, ஆப்பச் சோடாவும் கல்லுப்பும் கலந்து ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டேன். முதல் வாரம் மணமாகவும் நன்றாகவும் இருந்தது. ஒரு மாதத்தில் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் பழுப்பு கலந்த சாம்பல் நிறத்துக்குப் போயின. துண்டுகள் மொரமொரவென்று நின்றன. வாளியின் உள்விளிம்பில் நகத்தால் சுரண்டினால் மெழுகு போல் உருண்டு வரும் ஒரு படலம் ஏறியிருந்தது. சட்டைகளில் ஏறியிருந்ததும் அதுவேதான்.

காரணம் எளிமையானது. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத திரிவாக மாறிவிடும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 20 லிட்டர் தண்ணீரில் மொத்தம் 8 கிராம் கடினத்தன்மை இருக்கிறது. அதை முழுவதும் திரித்துத் தீர்க்க ஏறத்தாழ 50 கிராம் சோப்பு வேண்டும். அதாவது ஒரு கட்டி சோப்பில் கணிசமான பங்கு அழுக்கைத் தொடாமலே போய்விடுகிறது. அதே வேலையைச் சுமார் 8 முதல் 9 கிராம் சலவை சோடா செய்து முடிக்கும். அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த நாளிலிருந்துதான் எங்கள் வீட்டுத் துவைக்கும் முறை மாறியது. நான் கலந்த கல்லுப்பு அழுக்கை நீக்க எந்த உதவியும் செய்யவில்லை. அது எடையை மட்டும் கூட்டியது.

நல்ல தண்ணீர் கிடைக்கிற வீட்டுக்கு, அல்லது ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரைச் சேமிக்கிற வீட்டுக்கு, சோப்புச் சீவல் முறை தாராளமாகப் போதும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாயிலிருந்து இரண்டு பெரிய டிரம்மை நிரப்பி வைத்தால் வெள்ளைத் துணிகளுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கடைகளில் பல சோடாக்கள் இருக்கின்றன. எது எதற்கு?

ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். சமையலுக்கானது, காரம் குறைவு, துணிக்கு அதனால் பெரிய பயனில்லை. சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். நமக்கு வேண்டியது இதுதான். கெமிக்கல் கடையில் “சோடா ஆஷ்” என்று கேட்டால் வெள்ளைத் தூளாகத் தருவார்கள். கல் போன்ற படிகமாக விற்பதும் அதே பொருள்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் தண்ணீரே இருப்பதால் 1 கிராம் தூளுக்கு 2.7 கிராம் படிகம் தேவைப்படும். விலையை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. மூன்றாவது காஸ்டிக் சோடா. அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும் பொருள். எண்ணெயைச் சோப்பாக்கத்தான் அது வேண்டும், வாளியில் துணியோடு போடவே கூடாது.

என் வீட்டுத் தண்ணீருக்கு எவ்வளவு சோடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை ஒருமுறை செய்துவிட்டால் பல மாதங்களுக்குப் போதும். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவை சோடாத் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். தலா 1 லிட்டர் போர் தண்ணீர் பிடித்த மூன்று பாட்டில்களில் அந்தக் கரைசலை முறையே 25, 50, 75 மில்லி ஊற்றிக் குலுக்கி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் மாவு போல வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு பாட்டிலுக்கு இறுத்து, முன்பு செய்த சோப்புச் சோதனையைச் செய்யுங்கள். திரிவு இல்லாமல் நுரை நிற்கிற பாட்டில்களில் சோடா குறைவாகப் போட்டது எதுவோ, அதுவே உங்கள் அளவு. 25 மில்லி என்றால் 20 லிட்டர் வாளிக்கு 5 கிராம், 50 மில்லி என்றால் 10 கிராம், 75 மில்லி என்றால் 15 கிராம்.

எங்கள் வீட்டுக்கு 50 மில்லிப் பாட்டில்தான் சரியாக வந்தது. ஆகவே இரவு சாப்பாடு முடிந்ததும் இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடித்து, 10 கிராம் வீதம் போட்டுக் கலக்கி மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. காலையில் அடிவண்டலைக் கலக்காமல் மேல்தண்ணீரை எடுத்துத் துணியை ஊறவைக்கிறோம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதும் பெருமழைக்குப் பிறகும் தண்ணீரின் தன்மை மாறுவதால், அப்போது மீண்டும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

தூளைக் கலக்கும் முறை என்ன?

கடினத் தண்ணீர் உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஆசிட் ஸ்லரி சேர்த்த தூள். கடைத் தூள்கள் பலவற்றிலும் அழுக்கை எடுக்கும் முக்கியப் பொருள் இதிலிருந்து வருவதுதான்; சோப்பைப் போல இது எளிதில் திரிந்து போகாது. அளவு: சோடா ஆஷ் 700 கிராம், குளோபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் 300 கிராம், ஆசிட் ஸ்லரி 150 கிராம். குளோபர் உப்பும் நிரப்புப் பொருள்தான், ஆனால் தூளின் காரத்தைத் தணித்துக் கையைக் காப்பதால் அதை விடாமல் சேர்க்கிறேன்.

காற்றோட்டமான இடத்தில், கொல்லையிலோ மாடியிலோ உட்கார்ந்து செய்ய வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் இரண்டு வெள்ளைத் தூள்களையும் கொட்டிக் கலந்து, நடுவில் குழி செய்யுங்கள். ஆசிட் ஸ்லரி கருவெல்லப் பாகைப் போலக் கெட்டியாக, பழுப்புக் கறுப்பாக இருக்கும். அதை மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டே மரக்குச்சியால் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் வெள்ளையாகவும் உள்ளே கறுப்பாகவும் உருண்டைகள் கட்டிவிடும், அவற்றை உடைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். ஊற்ற ஊற்றத் தூள் லேசாகச் சூடாகும், மெல்லப் பொங்கும் ஓசை கேட்கும், பழுப்பு நிறம் வெளிறிக்கொண்டே வரும். எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்ததும் துணியால் மூடி அரை நாள் விட்டு, பிறகு மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் வாளிக்கு 25 கிராம் போதும். ஏற்கெனவே சோடா போட்டுத் தெளியவைத்த தண்ணீரானால் நான் 15 கிராமே போடுகிறேன். நுரை கடைத் தூளைவிடக் குறைவாகத்தான் வரும். நுரையின் உயரத்துக்கும் அழுக்கு போவதற்கும் தொடர்பில்லை என்பதை நம்புவதற்கு எங்கள் மாமியாருக்கு இரண்டு மாதம் ஆனது.

ஆசிட் ஸ்லரியை வீட்டில் கையாள்வது ஆபத்தில்லையா?

கவனம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது வீரியமான அமிலம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் மூடியைத் திறக்கக் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் செய்வது உத்தமம். அலுமினியப் பாத்திரத்தை அமிலமும் அரிக்கும், சோடாவும் அரிக்கும். ஆகவே பிளாஸ்டிக் மட்டும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் வழக்கமான கடைத் தூளையே வாங்கி, தண்ணீரை மட்டும் சலவை சோடாவால் திருத்திக்கொண்டு தூளின் அளவைக் குறைத்தால், மிச்சத்தின் பெரும்பகுதி அவர்களுக்கும் கிடைத்துவிடும்.

வடை, பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயில் துணி சோப்பு செய்யலாமா?

செய்யலாம். பாமாயிலாக இருந்தால் வடிகட்டிய 1 கிலோவுக்கு 135 கிராம் காஸ்டிக் சோடா, 350 மில்லி தண்ணீர். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகு எண்ணெயில் ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் வார்த்து, இறுகியதும் துண்டுகளாக வெட்டி, 4 முதல் 6 வாரம் நிழலில் உலரவிட வேண்டும். எடையை மின்னணுத் தராசில்தான் பார்க்க வேண்டும். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. வேறு எண்ணெய்க்கு வேறு அளவு: தேங்காயெண்ணெய் 1 கிலோவுக்கு 180 கிராம் காஸ்டிக் வேண்டும், ஆனால் அந்த எண்ணெய் விற்கிற விலையில் அதைத் துணிக்குச் செய்வது சிக்கனமே ஆகாது. இதுவும் சோப்புதான் என்பதால், திருத்திய தண்ணீரில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

பூந்திக்கொட்டை போதுமா?

பட்டு, கம்பளி, சாயம் போகக்கூடிய கைத்தறி ஆகியவற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. பட்டின் இழையைச் சோடாவின் காரம் கெடுக்கும். பூந்திக்கொட்டைச் சாற்றில் அந்தக் காரம் கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, விதை நீக்கிய 8 கொட்டைகளை 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்ட வேண்டும். இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் வேண்டியபோது செய்துகொள்வதே நல்லது. காலர் அழுக்குக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் இது போதாது. அந்தக் காலத்து வண்ணார்களும் அழுக்குத் துணியை உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில்தான் வைத்தார்கள்; உவர்மண்ணில் இருப்பதும் நம் சலவை சோடாவின் காரம்தான்.

வினிகரும் சோடாவும் சேர்த்தால் கறை போகும் என்கிறார்களே?

இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும், பார்ப்பதற்கு வேலை நடப்பது போலத் தெரியும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் இரண்டின் பயனும் இல்லாமல் போகும். சோப்புத் தண்ணீரில் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றினால் சோப்பே உடைந்து எண்ணெய்ப் பசையாக மிதக்கும். வினிகருக்கு ஓர் இடம் உண்டு: கடைசியாக அலசும் தண்ணீரில் வாளிக்கு இரண்டு மூடி ஊற்றினால், துணியில் படிந்த சுண்ணாம்பைக் கரைத்து மொரமொரப்பைக் குறைக்கும்.

பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பலாப்பால், முந்திரிப்பழச் சாறு, மீன் இரத்தம் ஆகிய கறைகளுக்கு என்ன செய்வது?

பண்ருட்டிப் பலாவின் பால் தண்ணீருக்கு அசையாது. கத்தியில் தடவுவது போலவே கறையில் தேங்காயெண்ணெயைத் தேய்த்து, பால் இளகி உருண்டதும் வழித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய எண்ணெய்ப் பசையைத் தூளால் போக்க வேண்டும். முந்திரிப்பழச் சாறும் வாழைக் கறையும் துவர்ப்புக் கறைகள். அவற்றின் மேல் முதலில் சோடாவையோ சோப்பையோ வைத்தால் நிறம் கறுத்து நிலைத்துவிடும். உடனே வெறும் தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறு தடவி வைத்துப் பிறகுதான் துவைக்க வேண்டும். காய்ந்துபோன முந்திரிப்பழக் கறை முழுவதும் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மீன் இரத்தத்துக்கு வெந்நீர் கூடாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் தானாகவே விடும்.

வெள்ளைத் துணி கடைத் தூளில் வருவது போலப் பளிச்சென்று வருவதில்லையே?

கடைத் தூள்களில் ஒளியை நீலமாகத் திருப்பிக் காட்டும் வெளுப்பூட்டி சேர்க்கப்படுகிறது. அது துணியில் தங்கிக் கண்ணுக்கு வெண்மையாகக் காட்டும். நம் தூளில் அது இல்லை. அலசிய பிறகு சில துளி நீலம் போட்ட தண்ணீரில் முக்கி வெயிலில் உலர்த்தினால் அந்தக் குறை தெரியாது.

துவைக்கும் இயந்திரத்தில் போடலாமா?

சோப்புச் சீவல் தூளைப் போட வேண்டாம், குழாயிலும் டிரம்மிலும் படலம் ஏறும். ஸ்லரித் தூளை மேல்மூடி இயந்திரத்தில் பயன்படுத்துகிறோம், முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் ஊற்றுகிறோம். முன்கதவு இயந்திரத்துக்கு நுரை குறைந்த தனித் தூள் வேண்டும். அதை வீட்டில் செய்ய முயல வேண்டாம்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

கெட்டுப்போகும் பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் கட்டி தட்டும், மழைக்காலத்தில் கல்லாகவே இறுகும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படாத அளவில் செய்து வைப்பது போதும். சோடா, ஸ்லரி, காஸ்டிக் எதையும் குளிர்பானப் பாட்டிலிலோ சமையலறை டப்பாவிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள்.

செய்து விற்கலாமா?

பொட்டலம் கட்டி விற்பதாக இருந்தால் சட்டமுறை எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவற்றை அச்சிட்டாக வேண்டும். பெயரில்லாத பையில் அமிலம் கலந்த தூளை அக்கம்பக்கத்தில் விற்பதை நான் ஏற்பதில்லை.

துவைத்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

சோடாவில் உள்ள சோடியம் மண்ணில் சேர்ந்துகொண்டே போனால் மண் இறுகி, தண்ணீர் இறங்காத களராக மாறும். ஆகவே முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, இரண்டாவது மூன்றாவது முறை அலசிய தண்ணீரை மட்டும் தென்னைக்கு விடுகிறோம், அதுவும் ஒரே மரத்துக்குத் தினமும் அல்ல. பூந்திக்கொட்டைத் தண்ணீர் செடிக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதன் நுரைப்பொருள் மீனுக்கு நஞ்சு. குளத்திலோ, வீட்டில் மீன் வளர்க்கும் தொட்டியிலோ அதை ஊற்றிவிடக் கூடாது.